கடிதம் அனுப்பும் நிரலும் சங்கத்தின் பொறுப்பும்

ஜெயங்கொண்டம் பக்கத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு நாம் ஆய்வுக்காகச் சென்றிருந்த அன்று, தறி உபகரணங்களுக்கு மனுச் செய்யவேண்டிய கடைசி நாள் கடந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. அங்கத்தினரான ஓர் அம்மாள் காரியதரிசியின் மேஜைமுன் நின்றுகொண்டிருந்தார். தமக்கு அறிவிப்பே வரவில்லை என்பது அவருடைய குறை. காரியதரிசியோ கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். அம்மாளின் பெயருக்கு நேரே ‘அனுப்பப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் இருந்தது. “பாருங்கள் அம்மா, பன்னிரண்டாம் தேதியே போயிருக்கிறது” என்றார். அம்மாள் திரையைப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்தார்.

இருவரில் எவரும் பொய் சொல்லவில்லை. கடிதம் அனுப்பப்பட்டதும் உண்மை; வந்து சேராததும் உண்மை. இது எப்படிக் கூடும் என்பதை அங்கத்தினர்களும் நிர்வாக சபையாரும் தெரிந்துகொள்வது அவசியம். ஏனெனில் பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் நாம் போகும் சங்கங்களில் “இனித் தபால் செலவே இல்லை, கம்ப்யூட்டர் தானே கடிதம் அனுப்பிவிடும்” என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. தானே அனுப்புகிறது என்பது சரிதான். யாரிடம் கொடுக்கிறது, அவர் என்ன மறுமொழி சொல்லுகிறார், அதை யார் கேட்கிறார்கள் என்பவையே விஷயம்.

முதலில் நிரல் என்பது யாது? நெசவாளர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஜக்கார்டு பெட்டியில் கோத்த அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. துளை உள்ள இடத்தில் கொக்கி உயர்ந்து பாவு இழை எழுகிறது. துளை இல்லாத இடத்தில் இழை கீழேயே நிற்கிறது. பிரான்சு தேசத்து ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டில் அமைத்த அந்த ஏற்பாட்டையே கம்ப்யூட்டரின் முன்னோர்களுள் ஒன்றாகக் கூறுவார்கள். இன்னது செய், அடுத்து இன்னது செய் என்று வரிசையாக எழுதிய கட்டளைகளின் கோவையே நிரல்.

இனி, புடவைக் கரையில் அன்னமும் மயிலும் எடுக்கவேண்டுமானால், அதற்குரிய அட்டைகளை ஒவ்வொரு நெசவாளரும் தாமே உட்கார்ந்து அடிப்பதில்லை. அட்டை அடிப்பவரிடம் வாங்கித் தறியில் ஏற்றுகிறார். கம்ப்யூட்டரிலும் அவ்வாறே. பலருக்கும் வேண்டியிருக்கும் வேலைகளை யாரோ ஒருவர் முன்னரே எழுதிச் சோதித்துத் தொகுத்து வைத்திருக்கிறார். நாம் எழுதும் நிரல் அவற்றை அழைத்து உபயோகித்துக்கொள்கிறது. இத்தகைய தொகுப்புக்கு ‘நிரல் நூலகம்’ என்று பெயர். (நூல் என்றவுடன் நம் அங்கத்தினர்களுக்குச் சிட்டமும் கோனும்தான் நினைவுக்கு வரும். அப்படி எண்ணினாலும் பெரிய தவறில்லை. வேண்டியதை எடுத்துக்கொள்ளும் கிடங்கு என்பதே கருத்து.) பைத்தான் என்ற நிரல்மொழியில் ‘எஸ்.எம்.டி.பி.லிப்’ என்னும் நூலகம் மொழியுடனேயே வருகிறது; தனியே விலை இல்லை. அதைக் கொண்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பும் நிரலைப் பத்துப் பன்னிரண்டு வரிகளில் எழுதிவிடலாம். நாம் மேலே கூறிய சங்கத்தின் நிரலும் அத்தகையதே. அங்கத்தினர் ஒருவரின் மகன், பொறியியல் படித்த இளைஞர், விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது எழுதிக் கொடுத்தது.

அப்பத்து வரிகளுக்குள் நடப்பது ஓர் உரையாடல். சங்கத்தின் கம்ப்யூட்டர், அஞ்சல் வேலைக்கென்று இருக்கும் வேறொரு கம்ப்யூட்டரை அழைக்கிறது. அதற்கு அஞ்சல் சர்வர் என்று பெயர். சர்வர் ‘220’ என்கிறது. தயாராக இருக்கிறேன் என்று பொருள். நிரல் வணக்கம் கூறித் தன் பெயரைச் சொல்லுகிறது. சர்வர் ‘250’ என்கிறது. சரி என்று பொருள். இன்னாரிடமிருந்து கடிதம் என்று நிரல் சொல்ல, மீண்டும் 250. இன்னாருக்கு என்று சொல்ல, ஏற்றால் 250. அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றால் 550. பின்னர் கடிதத்தைத் தரலாமா என்று நிரல் கேட்க, சர்வர் 354 என்று இசைகிறது. நிரல் கடிதம் முழுவதையும் வாசித்துவிட்டு, கடைசியில் ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி மட்டும் வைக்கிறது. கடிதம் முடிந்தது என்பதற்கு அதுவே அடையாளம். சர்வர் கடைசியாக ஒரு 250 சொல்லிப் பெற்றுக்கொள்கிறது. நிரல் விடைபெறுகிறது, 221 என்று சர்வரும் விடை கொடுக்கிறது. பொதுவாக, நான்கில் தொடங்கும் எண் வந்தால் ‘இப்போது முடியாது, பிறகு வா’ என்றும், ஐந்தில் தொடங்கும் எண் வந்தால் ‘எப்போதும் முடியாது’ என்றும் கொள்ளவேண்டும்.

இவ்வுரையாடலின் விதிகளை 1982 ஆகஸ்டில் எழுதி வெளியிட்டவர் ஜோனதன் போஸ்டல் என்ற அமெரிக்க அறிஞர். தபால் விதி எழுதியவரின் பெயர் போஸ்டல் என்று அமைந்தது தற்செயலே. சில திருத்தங்களுடன் இன்றும் உலகத்து மின்னஞ்சல் அவ்விதிகளின்படியே நடக்கிறது. மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர் நம் தமிழர் அல்லவா என்று ஒரு கூட்டத்தில் நம்மைக் கேட்டார்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த சிவா அய்யாதுரை, 1978-இல் சிறு வயதிலேயே ஒரு மருத்துவக் கல்லூரிக்காக ‘இமெயில்’ என்ற பெயரில் நிரல் எழுதியதும், 1982-இல் அந்நிரலுக்குப் பதிப்புரிமை பெற்றதும் உண்மை. ஆனால் ரே டாம்லின்சன் என்பவர் 1971-இலேயே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பி, முகவரியின் நடுவே ‘அட்’ குறியையும் வைத்துவிட்டார். ஆகவே கம்ப்யூட்டர் வரலாறு எழுதுவோர் அய்யாதுரை அவர்களின் கோரிக்கையை ஏற்பதில்லை. ஒரு நிரலுக்கு உரிமை பெறுவது வேறு. முறையையே கண்டுபிடிப்பது வேறு. இதனால் அப்பையனின் திறமைக்குக் குறைவு ஒன்றும் இல்லை.

நிற்க. அந்தக் கடைசி 250-ஐக் கேட்டவுடன் நம் சங்கத்து நிரல் ‘அனுப்பப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் குறித்துக்கொள்கிறது. இங்கேதான் பிசகு தொடங்குகிறது. மூத்த அங்கத்தினர்களுக்கு ‘போஸ்டிங் சர்டிபிகேட்’ நினைவிருக்கும். 2011-இல் தபால் இலாகா அம்முறையை நிறுத்தும்வரை, அறிவிப்புகளைக் கட்டாகக் கொண்டுபோய்த் தபால் ஆபீஸில் கொடுத்து, பெயர்ப் பட்டியலில் முத்திரை வாங்கி வருவார்கள். அம்முத்திரை, கடிதங்கள் தபால் ஆபீஸில் ஒப்படைக்கப்பட்டன என்பதற்கே சான்று. போய்ச் சேர்ந்தன என்பதற்குச் சான்று அன்று. 250 என்பதும் அத்தகையதே. நிரல் பேசுவது பெரும்பாலும் சங்கம் கணக்கு வைத்திருக்கும் சர்வரோடுதான். பெறுகிறவரின் சர்வர் வேறிடத்தில் இருக்கிறது. நம் சர்வர் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு அதனிடம் போய்ப் பேசுகிறது. ‘பிறகு வா’ என்றால் திரும்பத் திரும்பப் போகிறது. நான்கைந்து நாட்கள்கூட முயலும். முடியாது என்று தெரிந்தால், காரணத்தை எழுதித் திருப்பி அனுப்புகிறது. அதற்குள் சங்கத்து நிரல் தன் வேலையை முடித்து உறங்கிப்போயிருக்கும்.

திரும்பும் கடிதம் எங்கே வரும்? உறையின்மேல் அனுப்புவோர் என்று எந்த முகவரி இருக்கிறதோ அங்கே வரும். மின்னஞ்சலிலும் உறை வேறு, உள்ளே இருக்கும் கடிதம் வேறு. உள்ளே ‘சங்கக் காரியதரிசி’ என்று எழுதியிருக்கலாம். உறைமேல் வேறொருவர் முகவரி இருக்கலாம். திரையில் நாம் காண்பது உள்ளே இருப்பதையே. நம் சங்கத்து நிரலில் உறைமேல் இருந்தது அந்த இளைஞரின் சொந்த முகவரி. சோதனைக்காக வைத்தார், மாற்ற மறந்தார், வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டார். காரியதரிசி நம் எதிரிலேயே அவருக்குத் தொலைபேசியில் பேசினார். அவர் தாம் நெடுநாளாகப் பாராத அக்கணக்கைத் திறந்து பார்த்துவிட்டுச் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். இருபதுக்கு மேற்பட்ட கடிதங்கள் திரும்பி வந்து அங்கே கிடந்தன. அம்மாளுக்குப் போனதும் அவற்றுள் ஒன்று. முகவரியில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது.

ஓர் எழுத்துதானே என்று தோன்றும். நம் சங்கங்களின் அங்கத்தினர் பதிவேடுகளில் இன்னும் ‘திருச்சி ஜில்லா’ என்றே விலாசம் உள்ள பக்கங்களை நாம் பார்க்கிறோம். 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001-இல் பிரிந்து, 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, 2007-இல் மீண்டும் தனியாயிற்று. பதிவேடுகள் இவற்றுள் எதையும் அறியா. இருந்தும் அந்த விலாசத்துக்குப் போட்ட கார்டு போய்ச் சேருகிறது. தபால்காரருக்கு ஆளைத் தெரியும், ஆளின் தகப்பனாரைத் தெரியும், தறி எந்தத் தெருவில் இருக்கிறது என்றும் தெரியும். சர்வருக்கு எவரையும் தெரியாது. ஓர் எழுத்துக் குறைந்தால் 550 என்று சொல்லித் திருப்பும்; அதனினும் கேடாக, அந்தத் தவறிய பெயரில் எங்கோ வேறொருவர் இருந்தால் அவரிடம் கொடுத்துவிடும். இன்னொன்று. பல அங்கத்தினர்கள் கொடுத்திருக்கும் முகவரி அவர்களுடையது அன்று; சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ இருக்கும் மகனுடையது. கடிதம் மகனுக்குச் சரியாகவே போய்ச் சேருகிறது. அவர் பார்த்து, தந்தைக்குச் சொல்லவேண்டும்.

தமிழில் எழுதும் கடிதத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். 1982-இன் விதிகள் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பிற மொழி எழுத்துகளையும் படங்களையும் அவ்வழியே அனுப்புவதற்கு நத்தேனியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்னும் இருவர் 1992-இல் ஒரு முறை வகுத்தனர். ‘அ’ என்ற எழுத்து யூ.டி.எஃப்-8 குறியீட்டில் 3 பைட் இடம் கொள்கிறது. ‘கி’ என்பது ககரமும் அதன்மேல் வரும் குறியும் சேர்ந்து 6. இவற்றை மும்மூன்றாக எடுத்து, ஒவ்வொரு மூன்றையும் வழியில் சேதமுறாத நான்கு ஆங்கிலக் குறிகளாக மாற்றி அனுப்பி, அக்கரையில் மீண்டும் தமிழாக்கிக்கொள்ளலாம். இந்த மாற்றத்தையும் நூலகமே செய்துவிடும். ஆயினும் பழைய உதாரணங்களைப் பார்த்து எழுதியவர்கள் கடிதத்துக்கு இதைச் செய்துவிட்டுத் தலைப்பு வரிக்குச் செய்ய மறந்துவிடுகிறார்கள். ‘வெங்காய விதைக் கடன்’ என்று இருக்கவேண்டிய தலைப்பு கேள்விக்குறிகளின் வரிசையாகப் போய்ச் சேர்ந்ததை ஆலத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் நமக்குக் காட்டினார். மோசடிக் கடிதம் என்று எண்ணித் திறவாமலே விட்டிருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

அடுத்தது பூட்டு. கடிதம் கொடுக்க வருகிறவர் யார் என்று அறியாமல் சர்வர் வாங்காது. அதற்குப் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். வழியில் பிறர் ஒட்டுக்கேளாதபடி பேச்சை மறைபொருளாக்கிக்கொள்ளவும் வேண்டும். இதற்கென 587, 465 என்ற வாயில்கள் உண்டு. சர்வரும் சர்வரும் பேசிக்கொள்வது 25-ஆம் வாயிலில். முன்பெல்லாம் கூகுள் கணக்கின் சாதாரணக் கடவுச்சொல்லையே நிரலில் எழுதிவிடுவார்கள். 2022 மே 30 முதல் தனியார் கணக்குகளுக்குக் கூகுள் அதை நிறுத்தியது. இரண்டு படிச் சரிபார்ப்பை ஏற்படுத்திக்கொண்டு, நிரலுக்கென்று 16 எழுத்துள்ள தனிக் கடவுச்சொல் வாங்கவேண்டும். அதையும் நிரலின் உள்ளே எழுதலாகாது. நிரலைப் பிரதி எடுத்துப் பக்கத்துச் சங்கத்துக்குக் கொடுக்கிறோம் அல்லவா? பீரோவின் சாவியும் அத்துடன் போய்விடும். கடவுச்சொல்லைத் தனிக் கோப்பிலோ, கம்ப்யூட்டரின் சூழல் மாறி என்னும் இடத்திலோ வைத்து, நிரல் அங்கிருந்து படித்துக்கொள்ளும்படி செய்வது முறை. விலையில்லாக் கணக்கில் நாளொன்றுக்கு 500 பேருக்குமேல் அனுப்ப இயலாது என்பதையும் பெரிய சங்கத்தார் நினைவில் வைக்கவேண்டும்.

பூட்டு இருந்தும், பெறுகிற சர்வர் கடிதத்தைக் குப்பைப் பகுதியில் போட்டுவிடுவது உண்டு. கைத்தறித் துணி என்று எவரும் சொல்லிக்கொள்ளலாம். கைத்தறி முத்திரை இருந்தால்தான் வாங்குபவர் நம்புகிறார். மின்னஞ்சலிலும் உறைமேல் எந்தப் பெயரையும் எவரும் எழுதிவிடலாம் என்பதால் மூன்று ஏற்பாடுகள் வந்துள்ளன. சங்கத்துக்குச் சொந்தமான இணையப் பெயர் இருக்குமானால், அப்பெயரால் கடிதம் கொண்டுவர எந்தச் சர்வர்களுக்கு அதிகாரம் உண்டு என்ற பட்டியலைப் பகிரங்கமாக வெளியிடலாம், இது எஸ்.பி.எஃப். கடிதத்தின்மேல் பிறர் போலி செய்ய இயலாத முத்திரை குத்தலாம், இது டி.கே.ஐ.எம். இவ்விரண்டும் பொருந்தாத கடிதம் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று அறிவித்து வைக்கலாம், இது டிமார்க். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு அனுப்புவோர் எவராயினும் முதல் இரண்டில் ஒன்றேனும் இருக்கவேண்டும் என்று கூகுள் விதித்தது. நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்குமேல் அனுப்புவோருக்கு மூன்றும் வேண்டும். இவற்றை நிரல் நூலகம் செய்துகொடாது. இணையப் பெயரை எங்கே பதிவு செய்திருக்கிறோமோ அங்கே செய்யவேண்டும். நிரல் எழுதிய இளைஞரைக் குறை கூறுவதற்குமுன் நிர்வாக சபையார் இதை விசாரிப்பது நலம்.

நூலகத்தை வாங்கி ஏற்றியதோடு வேலை தீர்ந்தது என்றும் இருக்கலாகாது. பி.எச்.பி. மொழியில் எழுதுவோர் மிகுதியும் உபயோகிக்கும் ‘பி.எச்.பி.மெய்லர்’ நூலகத்தில் 2016 டிசம்பரில் ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டது. அனுப்புவோர் முகவரி என்ற இடத்தில் தந்திரமாக எழுதினால், அயலார் அந்தச் சர்வரில் தம் கட்டளைகளையே ஓட்டிவிடக்கூடும். திருத்திய பதிப்பை உடனே வெளியிட்டார்கள். ஆனால் பழைய அட்டையே தறியில் இருந்தால் திருத்தியதனால் என்ன பயன்? ஆண்டுக்கு இருமுறையேனும் பதிப்பைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

நம் மனத்தை மிகவும் உறுத்துவது வேறொன்று. நிரல் களைப்படைவதில்லை, வெட்கப்படுவதும் இல்லை. தவறு செய்தால் எல்லாருக்கும் ஒரே நிமிஷத்தில் செய்துவிடும். ஒரு கடன் சங்கத்தில், அங்கத்தினர் பெயர்களை அகர வரிசைப்படுத்த எண்ணிய குமாஸ்தா பெயர்ப் பத்தியை மட்டும் வரிசை மாற்றினார். பாக்கித் தொகையும் பெயரோடு சேர்ந்து நகர்ந்தது. முகவரிப் பத்தி மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. நிரல் வரிசை தவறாமல் ஒவ்வொருவரின் தவணைப் பாக்கியையும் அடுத்தவருக்கு எழுதி அனுப்பியது. ஒரே ஊரில், ஒரே கோவில் திருவிழாவில் முகம் பார்க்கவேண்டியவர்கள். காரியதரிசி வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். பருத்தி விலையில் அடிபட்டிருந்த ஒரு குடும்பம் அந்த ஆண்டு பொதுப் பேரவைக்கே வரவில்லை. எல்லா முகவரிகளையும் ஒரே கடிதத்தில் ‘பெறுநர்’ வரியில் வரிசையாகப் போட்டு அனுப்புவதும் இதற்கு இளைத்த தவறன்று. ஒருவருடைய முகவரியை மற்றவர்க்குக் கொடுக்கச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. நிரல் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதமாக அனுப்பவேண்டும். பெயரோடு அங்கத்தினர் எண்ணையும் ஒப்பிட்டுச் சரியாயிருந்தால்தான் அனுப்பவேண்டும். முதலில் காரியதரிசிக்கும் தலைவருக்கும் மட்டும் அனுப்பிப் பார்க்கவேண்டும். இதற்கு மேலதிகமாக ஐந்தாறு வரிகள் எழுதினால் போதும்.

மின்னஞ்சல் அனுப்புவதனால் சட்டமும் உபவிதிகளும் விதித்துள்ள அறிவிப்பு முறை நீங்கிவிடாது என்பதையும் இங்கே கூறவேண்டும். அது மேற்கொண்டு செய்யும் சௌகரியம்.

நாம் முதலில் கூறிய சங்கத்துக்குச் சென்ற மாதம் மறுபடி போயிருந்தோம். இளைஞர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்து நிரலை மாற்றிக் கொடுத்திருக்கிறார். திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்ற சொல் இல்லை. ‘சர்வரிடம் ஒப்படைக்கப்பட்டது’ என்று இருக்கிறது. உறைமேல் சங்கத்தின் முகவரியே இருக்கிறது. திரும்பி வரும் கடிதங்களைச் செவ்வாயும் வெள்ளியும் எழுத்தர் பார்த்து, பெயர், தேதி, காரணம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார்; அப்பெயர்களுக்கு அன்றே தபால் கார்டு போகிறது. அந்த நோட்டில் நாமும் கையெழுத்திட்டோம். அம்மாளின் முகவரியைத் திருத்தியாயிற்றா என்று கேட்டோம். ஆயிற்றாம். ஆனால் தமக்குக் கார்டே போடும்படி அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். உபகரணத்துக்கு அவர் அடுத்த ஆண்டு மனுச் செய்யவேண்டும்.